பங்காளி வீட்டுக்கெல்லாம் எப்படிச் சொல்றது? (டவுன் சிண்ட்ரோம், 3 மாசத் தம்பி)

வளவு_மருமகள் | செப்டம்பர் 9, இரவு 11:42

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும் போறவ, இன்னைக்குத்தான் முதல் தடவையா எழுதுறேன். நீளமாப் போகும், பொறுத்துக்கங்க.

காரைக்குடிப் பக்கம் ஊரு. பெரிய வீடு, ஏழு பங்கு. ஆனா குடியிருக்கறது நாங்களும் பெரியப்பச்சி வீடும்தான். மத்தவுக சென்னை, கோயம்புத்தூர், மலேசியான்னு இருக்காக. விசேஷம்னாத்தான் அவுகவுக அறைப் பூட்டைத் தொறப்பாக. ஜூன் மாசம் எனக்கு ஆம்பளப் பிள்ளை பொறந்தான். தலைச்சன். எனக்கு வயசு 27. பொறந்த ரெண்டாம் நாள் டாக்டர் அவன் உள்ளங்கையை விரிச்சுப் பாத்தாக. குறுக்க ஒரே ரேகை. கால்ல கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவுல செருப்பு வாரு போற அளவுக்கு இடைவெளி. தூக்கினா கையில வழுக்கிக்கிட்டுப் போற மாதிரி அப்படி ஒரு தொளதொளப்பு. "ஒரு ரத்தப் பரிசோதனை அனுப்பணும்"னாக. முடிவு வந்துருச்சு. டவுன் சிண்ட்ரோம்தான், செல்லுக்குள்ள மரபணுவைச் சுமக்கற குரோமோசோம் ஒண்ணு கூடுதல்.

அயித்தை (மாமியாவும் அவுகதான், எங்க அப்பச்சியோட, அதாவது அப்பாவோட கூடப் பொறந்தவுக) ஒரே பேச்சா சொல்லிட்டாக. நாத்தனாவுக்கு ஜாதகம் பேசிக்கிட்டிருக்கு, அவ கல்யாணம் முடியற வரைக்கும் யாருக்கும் மூச்சு விடப்படாது. யாராச்சும் பிள்ளை பாக்க வந்தா குல்லாயைக் கண்ணு வரைக்கும் இறக்கிவிட்டு, தூளியில போட்டு, "இப்பத்தான் தூங்குச்சு"ம்பாக. அவன் உள்ள முழிச்சுக்கிட்டுத்தான் கெடப்பான். சத்தம் போடமாட்டான், அதுதான் அவுகளுக்கு வசதியாப் போச்சு. அயித்தான் (என் வீட்டுக்காரவுக) சனி ஞாயிறு சென்னையில இருந்து வருவாக. "ஆத்தா சொல்றபடி கொஞ்ச நாள் இருப்போமே"ங்கறதோட சரி.

என் கேள்வி ரெண்டு. ஒண்ணு, இதை எப்படி, யாருகிட்ட முதல்ல சொல்றது? இன்னொண்ணு, பால். முக்கால் மணி நேரம் மார்ல வச்சாலும் நாலு இழுப்பு இழுத்துட்டுத் தூங்கிடறான். பாதி வாயோரமா வழிஞ்சுருது. பொறந்தப்ப 2.6 கிலோ, இப்ப 4.1. இருதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுத்தாச்சு, சின்ன ஓட்டை, தானா மூடலாம், பாத்துக்குவோம்னாக.

---

பலகார_ஆச்சி | செப்டம்பர் 10, காலை 5:20

ஆத்தா, அடுப்பு பத்த வைக்க முன்னாடி இதைப் படிச்சுட்டேன், இனி கை ஓடாது. எழுதிட்டே போறேன்.

என் மகளுக்கும் இதேதான், இப்ப 16 வயசு. அவ பொறந்தப்ப பாக்க வந்த ஒரு உறவுக்காரவுக வெள்ளிக் கொலுசுப் பெட்டியை மடியில வச்சுக்கிட்டே உக்காந்திருந்தாக. பிள்ளை மொகத்தை ரெண்டு தடவை பாத்தாக. காப்பி குடிச்சாக. பெட்டியைத் திரும்பப் பையில போட்டுக்கிட்டுக் கெளம்பிட்டாக. அந்தப் பை ஜிப்பை இழுத்த சத்தம் இன்னும் எனக்குக் கேக்குது. அதனால முதல்ல ஒண்ணு: பிள்ளை பொறந்ததுக்குச் சந்தோசம் ஆத்தா. நல்லா இருக்கட்டும்.

பாலுக்கு வீட்டுல பாலாடை இருக்குமே? பெட்டகத்தைத் தொறந்து பாருங்க, நம்ம வீட்டுல இல்லாம இருக்காது. பாட்டிலை விட எனக்கு அதுதான் கைகொடுத்துச்சு. மூக்கு நீளமா இருக்கற பழைய வெள்ளிப் பாலாடை. கொதிக்கிற தண்ணியில போட்டு எடுத்து, பாலைப் பீச்சி ஊத்தி, கீழ் உதட்டுல சும்மா தொட்டு வைங்க. அவனே நாக்கால உறிஞ்சுவான். ஊத்தப்படாது. ஊத்துனா புரையேறும்.

---

நர்ஸ்_திருப்பத்தூர் | செப்டம்பர் 10, மதியம் 2:15

பச்சப்புள்ள வார்டுல இருக்கேன். ஆச்சி சொன்னது சரி, கூட நான் கொஞ்சம் சேக்குறேன்.

தசை தளர்ச்சிதான் இதுக்கு மூலம். வாயும் தசைதானே. தாடையைப் பிடிச்சுக் குடுத்தா பாதி பிரச்சினை தீரும். மாரை உள்ளங்கையில தாங்கறப்ப கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேந்து 'ப' எழுத்து மாதிரி வரும்ல, அந்தக் குழியில பிள்ளையோட நாடி (மோவாய்) உக்காரணும். ரெண்டு விரலும் ரெண்டு கன்னத்தை லேசா அணைச்சுப் பிடிக்கணும். முதுகும் கழுத்தும் நேரா, தலை கொஞ்சம் ஒசந்து இருக்கட்டும். படுக்க வச்சுக் குடுக்காதீங்க.

இன்னொண்ணு, இந்தப் பிள்ளைங்க பசிக்கு அழும்னு காத்திருக்கப்படாது. அழுகாது. ரெண்டு ரெண்டரை மணிக்கு ஒருக்க எழுப்புங்க. உள்ளங்காலைத் தேச்சு, துணியை அவிழ்த்து, எப்படியாச்சும். எடையை டவுன் சிண்ட்ரோம் பிள்ளைங்களுக்குன்னு தனியா இருக்கற வளர்ச்சி அட்டவணையில வச்சுப் பாக்கச் சொல்லுங்க. சாதாரண அட்டவணையில வச்சா மனசு கெட்டுத்தான் போகும்.

பால் குடிக்கறப்ப நெத்தி வேர்த்தாலோ, மூச்சு வேகமா வாங்கினாலோ, உதடு நீலம் பாரிச்சாலோ, காலையில பாத்துக்கலாம்னு இருக்காதீங்க. இவுங்கள்ல பாதிக்குப் பாதி பேருக்குக் கிட்ட இருதயத்துல ஏதாச்சும் இருக்கும். எக்கோ எடுத்தது நல்லது, சொன்ன தேதிக்குத் திரும்பப் போங்க. தைராய்டு பொறந்தப்ப பாத்திருப்பாக. 6 மாசத்துல ஒரு தடவை, 1 வயசுல ஒரு தடவை, அப்புறம் வருஷா வருஷம். காது, கண்ணு ரெண்டும் விட்டுறாதீங்க.

குளிப்பாட்ட வர்ற அம்மாகிட்டயும் சொல்லி வைங்க: கழுத்தை மடக்கறது, கையைக் காலை மாத்தி மாத்தி இழுத்து மடக்கி எடுக்கறது, மூக்குல எண்ணெய் விடறது, ஒண்ணும் வேணாம். மூட்டெல்லாம் அவனுக்கு ஏற்கனவே இளக்கம்.

---

கோலாலம்பூர்_தம்பி | செப்டம்பர் 10, இரவு 9:03

12 வாரத்துல கழுத்து மடிப்பு ஸ்கேன் எடுத்திருப்பாகளே, அப்பவே தெரிஞ்சிருக்கணுமே? டாக்டர் கோட்டை விட்டுட்டாகளா? அப்புறம் அயித்தை மகனைக் கட்டியிருக்கீக. சொந்தத்துல கட்டுனா இதெல்லாம் வரும்னு நம்மவுக எப்பத்தான் புரிஞ்சுக்கப் போறாகளோ.

---

நர்ஸ்_திருப்பத்தூர் | செப்டம்பர் 10, இரவு 10:31

தம்பி, மூணு மாசப் பிள்ளையை மடியில வச்சிருக்கற பொண்ணுகிட்டக் கேக்கற கேள்வியா இது? ஆனாலும் இதையே நாலு பேர் கேப்பாக, அதனால சொல்லிடறேன்.

சொந்தத்துல கட்டுறதால வர்ற நோய் வேற வகை. தாய் தகப்பன் ரெண்டு பேர்கிட்டயும் ஒரே பழுது மறைஞ்சிருந்து, சேர்றப்ப வெளிய வர்றது. டவுன் சிண்ட்ரோம் அது இல்ல. கருமுட்டை பிரியறப்ப 21ஆம் குரோமோசோம் ஜோடி பிரியாம ஒட்டிக்கிட்டுப் போயிருது. 46 இருக்க வேண்டிய இடத்துல 47. அசலூர்ல பொண்ணெடுத்தாலும் இப்படித்தான் வரும். அம்மாவுக்கு வயசு ஏற ஏற வாய்ப்பு கூடும். 25 வயசுல ஏறக்குறைய 1,200 பிரசவத்துக்கு ஒண்ணு, 35ல 350க்கு ஒண்ணு, 40ல 100க்கு ஒண்ணு. ஆனா சின்ன வயசுல பெறுறவுகதான் எண்ணிக்கையில ஜாஸ்தி, அதனால இந்தப் பிள்ளைங்க அம்மாக்கள்ல பாதிக்கு மேல 35க்கு உள்ளதான். அந்த ஸ்கேன் வாய்ப்பு எவ்வளவுன்னு சொல்லும், அவ்வளவுதான். ஒண்ணும் தெரியாமலே எல்லா ஸ்கேனும் தாண்டி வந்த பிள்ளைங்க நிறைய.

இன்னொரு விசயம். 'டவுன்'னதும் கீழ, தாழ்வுன்னு அர்த்தம் எடுத்துக்கறாக. 1866ல இதை முதல்ல விவரிச்சு எழுதுன இங்கிலாந்து டாக்டர் பேரு லாங்டன் டவுன். அவ்வளவுதான் அந்தப் பேரு.

---

மட்டுறுத்துநர் | செப்டம்பர் 11, காலை 8:00

இங்கிருந்த இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. 48 நாளில் கூடுதல் குரோமோசோமைக் கரைக்கும் லேகியம் விற்பவர்கள் வேறு இடம் பார்க்கவும்.

---

கல்லு_பட்டறை | செப்டம்பர் 11, இரவு 8:47

நான் ஆத்தங்குடியில கல்லு போடற ஆளு. எங்களுக்குப் பெரிய வீடெல்லாம் இல்ல, அந்த வீட்டுக்கெல்லாம் தரை போடறவுங்க. பொம்பளப்புள்ள, 4 வயசு, இதேதான்.

எங்க புள்ளைக்கு இருதயத்துல நாலு அறைக்கும் நடுவுல பொதுவா ஓட்டை. நர்ஸ் அம்மா சொன்னாங்களே நெத்தி வேர்க்கறது, அதேதான். நாங்க புழுக்கம்னு நெனச்சு விசிறிக்கிட்டிருந்தோம். அங்கன்வாடிக்குப் புள்ளைங்களைப் பாக்க வர்ற டாக்டருங்கதான் பாத்துட்டு எழுதிக் குடுத்தாங்க. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில ஆபரேசன் ஆச்சு, 5 மாசத்துல. ஓட்டை அடைச்ச பிறகு பால் குடிச்சா பாருங்க ஒரு குடி. யாருகிட்ட சொல்றது மறைக்கிறதுன்னு யோசிக்க எங்களுக்கு நேரமே இல்ல தாயி, பஸ்ல ஏறுனா கண்டக்டர்ல இருந்து எல்லாரும் கேக்கறாங்க, சொல்லித்தான ஆகணும்.

நான் சொல்ல வந்தது வேற. உங்க வீட்டுத் தரை. நாங்க கண்ணாடி மேல சாயம் ஊத்தி, அதுக்கு மேல சிமெண்டு மணல் போட்டு எடுக்கற கல்லு. கண்ணாடியில படுற பக்கம்தான் மேல வரும், அதான் அந்த மினுமினுப்பு. வருசக்கணக்கா நடந்து நடந்து இன்னும் வழுவழுன்னு ஆயிருக்கும். இந்தப் புள்ளைங்க கால் தவளை மாதிரி ரெண்டு பக்கமும் விரியும். அதுல குப்புறப் போட்டா முட்டி ஊன முடியாது, சர்ருன்னு போயிரும். ஜமுக்காளம் விரிச்சா ஜமுக்காளத்தோட போகும். எங்க வீட்டுலயே ரெண்டு மாசம் வீணாப் போச்சு, நான் போட்ட கல்லு மேலேயே எம்புள்ள வழுக்கிக்கிட்டுக் கெடந்தா. அப்புறம் கனமான ரப்பர் பாய் வாங்கிப் போட்டோம். தொடைக்கு ரெண்டு பக்கமும் துண்டைச் சுருட்டி அணை குடுக்கணும், கால் விரியாம. தூளியிலேயே போட்டு வைக்காதீங்க. தூளிக்குள்ள கழுத்து நிமிராது.

நடக்க 2 வயசு 3 மாசம் ஆச்சு. திண்ணையைப் பிடிச்சுத்தான் பழகுனா. அந்த ஒசரம் அவளுக்குன்னே கட்டுன மாதிரி.

---

பலகார_ஆச்சி | செப்டம்பர் 11, இரவு 9:10

அண்ணே, அந்தக் கடைசி வரியை எங்க வீட்டுல சத்தமாப் படிச்சுக் காட்டினேன்.

---

தேவகோட்டை_ஐயா | செப்டம்பர் 13, காலை 10:25

அம்மா, தாங்கள் கேட்ட முதல் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. எனக்கு வயது 66. மகனுக்கு 31, அவனுக்கும் இதேதான். அதனால் சொல்கிறேன்.

நாங்கள் ஆறு வருஷம் மறைத்தோம். யாருக்கும் சொல்லவில்லை, விசேஷங்களுக்கு என் மனைவியோ நானோ மாறி மாறி வீட்டில் இருந்துகொள்வோம். மறைத்ததில் மானம் நின்றதோ இல்லையோ, வேறொன்று நடந்தது. அவனை வெளியே கூட்டிப் போகாததால் அவனுக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்பதே எங்களுக்குத் தெரியவில்லை. கூப்பிட்டால் திரும்ப மாட்டான். 'இந்தப் பிள்ளைகள் அப்படித்தான்' என்று இருந்துவிட்டோம். செவிக்குள் நீர் கட்டிக் கிடந்திருக்கிறது. ஆறு வயதில் பார்த்துச் சரி செய்த பிறகுதான் பேச்சு கொஞ்சமாவது வந்தது. அந்த ஆறு வருஷத்தை அவனிடமிருந்து எடுத்தது நாங்கள்தான், வேறு யாருமில்லை.

பிறகு ஒரு பங்காளி வீட்டு அறுபதாம் கல்யாணச் சாந்தியில் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு எங்கள் பெரியாச்சியிடம் சொன்னேன். 'தெரியும்டா. நீயாச் சொல்லட்டும்னு இருந்தேன்' என்றார்கள். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. நாங்கள் இரண்டு பேர்தான் தெரியாதென்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

இப்போது அவன் நம் ஜவுளிக்கடையில் இருக்கிறான். கண்டாங்கிச் சேலை மடிப்பது அவன் வேலை. கட்டத்தோடு கட்டம் பொருந்த வேண்டும். ஒரு நூல் விலகினாலும் முழுக்கப் பிரித்துத் திரும்ப மடிப்பான். வாங்க வந்தவர்கள் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று நின்றாலும் விடமாட்டான். இதனால் வியாபாரம் போனதும் உண்டு. சிரிக்காதீர்கள், நிஜமாகவே இரண்டு கல்யாண ஜவுளி போயிற்று.

ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். செட்டியார் வீட்டில் கல்யாணமானால்தான் நகரத்தார் கோயிலில் புள்ளி. (மற்ற நண்பர்களுக்கு: கல்யாணமான ஆண் ஒரு புள்ளி, கோயில் கணக்கில் குடும்பங்கள் அப்படித்தான் எண்ணப்படும்.) என் மகன் புள்ளியாக மாட்டான். புள்ளி வரி எழுதும் நாளில் அது எனக்கு இன்றும் உறுத்தும். வீட்டில் அவன் பங்கு அவன் பங்குதான்; அறைச்சாவி அவன் இடுப்பில்தான் தொங்குகிறது. 18 வயது முடிந்ததும் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, அது 1999ஆம் வருஷத்துச் சட்டம், கலெக்டர் தலைமையிலான குழுவில் மனுப்போட்டுக் காப்பாளர் நியமனம் வாங்கினோம். எங்களுக்குப் பின் யார் என்பதற்கு அண்ணன் மகன் கையெழுத்துப் போட்டிருக்கிறான். தங்களுக்கு இதெல்லாம் இப்போது வேண்டாம். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு மட்டும் பதிந்து வையுங்கள். வசதி இருக்கிறதே என்று விடாதீர்கள். அரசு பராமரிப்புத் தொகையிலிருந்து ரயில் சலுகை வரை எதற்குப் போனாலும் முதலில் கேட்பது அதைத்தான்.

---

வளவு_மருமகள் | செப்டம்பர் 13, இரவு 11:58

ஐயா, உங்க பதிவை அயித்தைகிட்டப் படிச்சுக் காட்டினேன். காது கேக்காத இடத்துல நிறுத்தச் சொன்னாக. எந்திரிச்சுப் போயி இரண்டாங்கட்டுல நின்னுக்கிட்டிருந்தாக. திரும்பி வந்து, "அந்தப் புள்ளி விசயத்தைத் திருப்பிப் படி"ன்னாக. அதுக்கப்புறம் ஒண்ணும் பேசல.

பாலாடை கெடைச்சுச்சு. எங்க ஆயா வீட்டுச் சாமான்ல, பேரு வெட்டுனது, ஒரு பக்கம் நசுங்கிப் போயி. ஒரு வேளைக்கு 60 மில்லி இறங்குது. நாடியைத் தாங்கிப் பிடிச்சா மார்லயும் முன்னைக்கு இப்ப பரவாயில்ல.

நர்ஸ் அக்கா, அயித்தைக்கு இன்னும் ஒரே பயம், நாத்தனா. "அவ வயித்துலயும் இது வந்துட்டா? மாப்பிள்ளை வீட்டுல கேட்டா என்ன சொல்றது?" இதுக்கு நான் என்ன பதில் சொல்ல?

---

நர்ஸ்_திருப்பத்தூர் | செப்டம்பர் 14, காலை 7:12

ரத்தப் பரிசோதனைத் தாளை எடுங்க. கடைசியில '47,எக்ஸ்ஒய்,+21'னு இருக்கா? இல்ல 46னு ஆரம்பிச்சு 14;21 மாதிரி ரெண்டு நம்பர் அடைப்புக்குறிக்குள்ள இருக்கா?

---

வளவு_மருமகள் | செப்டம்பர் 14, காலை 7:40

47தான். அடைப்புக்குறி ஒண்ணும் இல்ல.

---

நர்ஸ்_திருப்பத்தூர் | செப்டம்பர் 14, மதியம் 1:55

அப்ப உங்க அயித்தையை உக்கார வச்சு இதைப் படிச்சுக் காட்டுங்க. நூத்துல 95 பிள்ளைங்க இந்த வகைதான். குடும்பத்துல ஓடி வர்றது இல்ல, அந்த ஒரு கருவுல நடந்த விசயம். நாத்தனாவுக்கு மத்த பொண்ணுங்களுக்கு இருக்கற அதே வாய்ப்புதான், அதுக்கு மேல ஒரு துளியும் அதிகம் கிடையாது. உங்களுக்கு அடுத்த பிள்ளைக்கு நூத்துல ஒண்ணு மாதிரி சொல்லுவாக, அப்ப டாக்டரோட பேசிக்கலாம். 46னு வந்து குரோமோசோம் இடம் மாறி ஒட்டிக்கிட்டிருக்கற வகைன்னாத்தான் தாய் தகப்பனுக்குப் பரிசோதனை, அவங்கள்ல ஒருத்தருக்கு இருந்தா கூடப் பொறந்தவுகளுக்கும். அது நூத்துல மூணு நாலு. அந்தத் தாளை வாங்கச் சொல்றதே இதுக்காகத்தான். நிறைய பேர் 'மொகத்தைப் பாத்தாலே தெரியுதே'ன்னு தாளே வாங்காம விட்டுறாக.

மறைச்சு வச்சுக் கல்யாணம் முடிச்சு, பின்னாடி தெரிஞ்சா, இல்லாத நோயை இருந்ததா நம்பிக்குவாக. அதையும் சேத்துச் சொல்லுங்க.

---

செவ்வாய்ச்சந்தை | செப்டம்பர் 14, இரவு 7:30

பின்தொடர்கிறேன். எங்க வீட்டுலயும், 20 நாள் ஆகுது.

---

பலகார_ஆச்சி | செப்டம்பர் 15, காலை 5:05

செவ்வாய்ச்சந்தை, தனிமடல் பாருங்க.

---

வளவு_மருமகள் | டிசம்பர் 26, மாலை 4:18

மூணு மாசமா எழுதல. மன்னிச்சுக்கங்க. நேத்துப் பிள்ளையார் நோம்பு. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

தெரியாதவுகளுக்கு: கார்த்திகை தீபத்துல இருந்து புதுக் கோடி வேட்டியில தினம் ஒரு நூலா 21 நாள் எடுத்துச் சேத்து, திரியாத் திரிச்சு, இழைமாவுல வச்சுக் கொளுத்துவோம். வீட்டுப் பெரியவுக கையில இருந்து ஒவ்வொருத்தரா வாங்கி, எரியற சுடரோட அப்படியே வாயில போட்டுக்கணும். மாசமா இருக்கறவுக ரெண்டு இழை எடுப்பாக. போன வருஷம் நான் ரெண்டு எடுத்தேன். அப்ப இவன் மூணு மாசம் வயித்துல.

இந்தத் தடவை அஞ்சு பங்கு வீடு தொறந்துச்சு. வளவு நெறைய ஆளு. நான் மனசுல என்னென்னமோ வசனம் எழுதி வச்சிருந்தேன், பெரியப்பச்சிகிட்ட முதல்ல சொல்லணும், அப்புறம் மலேசியாப் பெரியாத்தாகிட்டன்னு. ஒண்ணும் தேவைப்படல. ஆவாரம்பூ, பொரியெல்லாம் எடுத்து வச்சுக்கிட்டிருக்கறப்பவே அயித்தை தம்பியைக் குல்லாய் இல்லாம இடுப்புல வச்சுக்கிட்டு முகப்புல நின்னாக. மலேசியாப் பெரியாத்தா, "பிள்ளை என்ன நாக்கை நீட்டிக்கிட்டே இருக்கு?"ன்னாக. எனக்கு மூச்சு நின்னு போச்சு.

அயித்தை சொன்னாக: "அவனுக்கு டவுன் சிண்ட்ரோம். ரத்தத்துல பாத்துட்டாக. நமக்கெல்லாம் 46 புள்ளி, அவனுக்கு 47 புள்ளி."

குரோமோசோம்னு நான் எத்தனை தடவை சொல்லிக் குடுத்திருப்பேன்! யாருக்கும் ஒண்ணும் புரியல. பெரியப்பச்சி மட்டும், "அப்ப ஒரு புள்ளி கூட எழுதணுமா?"ன்னு கேட்டாக. கேலியா, நெசமாவே கேட்டாகளான்னு இன்னும் எங்களுக்குள்ள வாக்குவாதம். அப்புறம் ராத்திரி பெரியாத்தா என் அறைக்கு வந்து ரொம்ப நேரம் உக்காந்து அழுதாக. எனக்கு அவுகளைத் தேத்தற வேலையாப் போச்சு. எல்லாருக்கும் சொல்லியாச்சு, ஆனா லேசா இல்ல. ரெண்டு பங்கு வீட்டுல பிள்ளையைத் தூக்கவே இல்ல, அதையும் எழுதிடறேன்.

நாத்தனா விசயம்: மாப்பிள்ளை வீட்டுக்குத் தாளோட நகலை அயித்தானே கொண்டுபோய்க் காட்டிட்டு வந்தாக. இன்னும் பதில் இல்ல.

எடை 5.7. ஓட்டை சின்னதாகிக்கிட்டு வருதாம். தைராய்டு அடுத்த வாரம். ரப்பர் பாய் போட்டாச்சு அண்ணே, பட்டாலை முழுக்க.

நர்ஸ் அக்கா, 6 மாசம் முடிஞ்சிருச்சு. கவுணி அரிசிக் கஞ்சி ஆரம்பிக்கலாமான்னு அயித்தை கேக்கறாக.

---

நர்ஸ்_திருப்பத்தூர் | டிசம்பர் 26, இரவு 8:02

கவுணி முதல்ல வேணாம், தவிடு ஜாஸ்தி. குழைய வடிச்ச சோறு, பாசிப்பருப்பு, ஒரு சொட்டு நெய், கையால மசிச்சது. சின்ன கரண்டி, நாக்கு நடுவுல லேசா அழுத்திக் குடுங்க, வெளிய தள்ளுவான், திரும்பக் குடுங்க. உக்கார வச்சுத்தான். தலை நிக்குதா?

---

வளவு_மருமகள் | டிசம்பர் 26, இரவு 8:09

நிக்குது. தூண்ல சாய்ஞ்சு உக்காந்து அயித்தை மடியில வச்சிருந்தா ரொம்ப நேரம் நிக்குது. என்கிட்டத்தான் ஆடுது.